டப்ஸ்டெப் கேட்ட ஒழுங்கை

என் தம்பி தன் மனைவியின் வீட்டைவிட்டு என் வீட்டுக்கு வந்த அன்று, முச்சக்கர வண்டியில் அவனுக்கு உட்கார இடம் இருக்கவில்லை. பின் இருக்கை முழுவதையும் ஒரு கறுப்புப் பலகைப் பெட்டி பிடித்திருந்தது. சாரதியோடு ஒட்டிக்கொண்டு, ஒரு கால் வெளியே தொங்க, வந்து இறங்கினான்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்குப் போய் வாழ்கிறான். வீடு பெண்ணின் பெயரில் இருக்கும். எங்கள் உம்மாவின் வீடு தங்கைக்குப் போய்விட்டது. நான் இருக்கும் வீடு என் மனைவியுடையது. அதனால் வெளியே போகச் சொல்லப்பட்ட ஆண் போகக்கூடிய இடம் எப்போதும் இன்னொரு பெண்ணின் வீடாகத்தான் இருக்கும். என் மனைவி வாசலில் நின்று பெட்டியை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆள் உள்ள வரட்டும். அது விறாந்தையில இரிக்கட்டும். ஒரு வயரும் கொழுவக் கூடா, செல்லிட்டன்."

"ஓம் மதினி," என்றான்.

தம்பி சில வருடங்கள் கட்டாரில் மேடைகளுக்கு ஒலிக்கருவி பூட்டும் வேலை செய்தான். அங்கே அறையில் கூட இருந்த ஒருவனிடம் டப்ஸ்டெப் என்ற இசையைப் பிடித்துக்கொண்டான். கல்முனையில் கைத்தொலைபேசி திருத்தும் கடைக்கு வேலைக்கு வந்த பிறகும் அது அவனை விடவில்லை. மருதமுனையில், கடலுக்குக் கிட்ட இருக்கும் மனைவியின் வீட்டில், பின் அறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மடிக்கணினியில் இசை செய்வான். அவள் அதைப் பகிடியாகவே எடுத்தாள். "இவருக்கு மட்டும் கேக்கிற பாட்டுக்குத் தலைய ஆட்டுறாரு. பாக்கிறவன் வலிப்பு எண்டு இரும்பக் கொண்டு வருவான்" என்று எங்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். பெட்டி வரும்வரை அந்த வீட்டில் வேறு குறை இல்லை.

நடந்ததை நான் நேரில் காணவில்லை. பத்திரிகை வேலையில் பழகியபடி, அவள் வீட்டுக் குறுகிய தெருவான ஒழுங்கையில் பலரிடம் தனித்தனியாகக் கேட்டு ஒட்டிப் பார்த்தேன்.

தச்சனிடம் சொல்லிச் செய்வித்த பெட்டிக்குள் பெரிய ஒலிபெருக்கி ஒன்றைப் பூட்டி, லுஹர் தொழுகைக்குப் பிறகு எல்லோரும் சாய்ந்திருக்கும் நேரத்தில் தம்பி அதை முதன்முதலாகப் போட்டுப் பார்த்தான். அறைக் கதவு பூட்டியிருந்தது. ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவி கல்முனைக்குக் கிளினிக் போயிருக்கிறாள் என்று நினைத்தான். அங்கே வேலை வெள்ளென முடிந்து, அவள் திரும்பி வந்து, குசினியில் தண்ணீர் வார்த்துக்கொண்டு நின்றாள். கோப்பைக்குள் தண்ணீர் நடுங்கியது. பிறகு கால் நடுங்கியது. கூரைத் தகரம் கடகடத்தது. எந்த இசையும் அவள் காதில் விழவில்லை என்கிறாள். நிலத்துக்கு அடியால் ஏதோ வந்தது. அவள் ஒழுங்கைக்கு ஓடி, "கடல் வருது" என்று கத்தினாள்.

வேறு ஊரில் யாராவது கடற்பக்கம் திரும்பிப் பார்த்திருப்பார்கள். மருதமுனையில் யாரும் பார்க்கவில்லை. சுனாமி வந்த அன்று திரும்பிப் பார்த்தவர்கள் இன்று இல்லை என்பது அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். அடுப்பை எரியவிட்டு, கதவைத் திறந்துவிட்டு, பிரதான வீதியைத் தாண்டி நற்பிட்டிமுனை வயற்பக்கம் ஓடினார்கள். அறையிலிருந்து வெளியே வந்த தம்பிக்கு ஒழுங்கை வெறுமையாகத் தெரிந்தது. தான் எழுப்பிய சத்தம் அதற்குக் காரணம் என்று அவனுக்கு உறைக்கவில்லை. அவனும் ஓடினான்.

அவள் வடிகான் அருகே விழுந்தாள். வயிற்றுவலியோடு ஆசுபத்திரியில் வைத்திருந்து, பிள்ளைக்கு ஒன்றுமில்லை, ஆனால் படுக்கையில் இருக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வருமுன் தகப்பன் மூலம் சொல்லி அனுப்பினாள். "நான் வரக்குள்ள அவரு அங்க இரிக்கப்படா."

ஒரு கிழமை கழித்து அவளுடைய தகப்பன் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "நீங்க பேப்பர்ல எழுதுற ஆள். அது என்ன சாமான் எண்டு வந்து விளங்கச் சொல்லுங்க. பள்ளிவாசல்ல கேட்டா என்னத்தச் செல்ற எண்டு எனக்கும் தெரியணும்."

தெரியாததை விளங்கப்படுத்த முடியாது. தம்பியை மேசைக்கு முன்னால் உட்கார வைத்து, ஒரு செய்திக்குக் கேட்பதுபோல் கேட்டேன். எங்கே தொடங்கியது, எதிலிருந்து வந்தது, எது இருந்தால் அது டப்ஸ்டெப், எது இல்லாவிட்டால் அல்ல.

தெற்கு லண்டனில், இந்த நூற்றாண்டு தொடங்கும்போது வந்தது என்றான். அங்கே ஆடுவதற்கு இருந்த கராஜ் என்ற வேகமான இசையும், ஜமேக்காக்காரர்கள் பாட்டிலிருந்து குரலை உருவி எடுத்து எதிரொலியையும் அடிச் சத்தத்தையும் மட்டும் விட்ட டப் என்ற முறையும் கலந்து பிறந்தது.

"வேகம் நிமிசத்துக்கு நூத்தி நாப்பது தட்டு, அதுக்குக் கிட்ட." வலது கை விரல்களால் மேசையில் தட்டினான். "இது ஓடுது. ஆனா பெரிய அடி பாதி வேகத்திலதான் விழும்." இடது உள்ளங்கையால் மெதுவாக அடித்தான். விரல்கள் ஓடின, உள்ளங்கை நடந்தது. "கேக்கிற ஆளுக்கு நடக்கிறதா ஓடுறதா எண்டு தெரியா. அந்தத் தவிப்புத்தான் வேணும் காக்கா." அண்ணனை நாங்கள் காக்கா என்போம்.

"பிறகு?"

"நடுவுல இடம் விடணும். நிறையப் போட்டு அடைக்கப்படா. அந்த வெறுமைக்குக் கீழ பேஸ், அடிச் சத்தம். காதுக்குச் சரியாக் கேக்காது, நெஞ்சாலதான் பிடிக்கணும். போன்ல போட்டா பாட்டின்ட அடிப்பக்கமே இல்லாமப் போயிரும். அதுக்குத்தான் பெட்டி." அந்த பேஸ் ஓரிடத்தில் நிற்காது, வாய் திறந்து மூடுவதுபோல் அசைந்து நடுங்கும், அதற்கு வொபிள் என்று பெயர் என்றான். "மறுகா ட்ரொப். கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கொண்டு போய், எல்லாத்தையும் ஒரேயடியா இழுத்திருவம். ஒரு மூச்சுக்கு ஒண்டும் இல்ல. அதுக்குப் பிறகு பேஸ் முழுக்க…"

அவன் கை மேசையில் நின்றது. எனக்கும் அந்த நேரத்தில்தான் விளங்கியது.

"பேஸ எடுத்துப்போட்டுச் செய்யேலாதா?"

"செய்யலாம். அது டப்ஸ்டெப் இல்ல."

"வேற பேர வை."

"பேரா காக்கா பிரச்சின?"

மருதமுனைக்குப் போனேன். தகப்பன் கதிரையில் இருந்தார். தம்பியின் மனைவி உள் அறைக் கட்டிலில், திரைச்சீலைக்கு அப்பால்.

"தம்பி, இது குடிச்சுப்போட்டு ஆடுற பாட்டா?" என்று என்னைக் கேட்டார்.

"பாட்டே இல்ல மாமா. சொல்லு இல்ல, வெறும் சத்தம்."

"சொல்லும் இல்லாட்டி என்னத்துக்கு இந்தப் பாடு?"

தம்பி சொன்ன ஒழுங்கிலேயே சொல்லிக்கொண்டு போனேன். வேகம், பாதி நடை, வெறுமை, பேஸ். ட்ரொப்பைச் சொல்லாமல் விட நினைத்தேன். அதைச் சொல்லாவிட்டால் மற்றது ஒன்றும் நிற்காது. சொன்னேன்.

திரைக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "மச்சான், முதல்ல எல்லாம் உள்ளுக்கு இழுபடும். சத்தம் நிக்கும். மறுகா முழுக்க வரும். எனக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவயில்ல. உம்மாட கையப் பிடிச்சுக்கொண்டு கரையில நிண்டு பாத்த நான்."

தகப்பன் தன் காலைப் பார்த்தார். தாயும் மகளுமாகப் பிடித்த கையில் மகள் மட்டும் மிஞ்சியது எனக்குத் தெரியும்.

"புள்ள, அவன் வேணுமெண்டு செய்யல்ல," என்றேன்.

"அது எனக்குத் தெரியும். வெளிக்கிட்டா சின்னதுகள் 'சுனாமி ராத்தா, இண்டைக்குக் கடல் வருமா' எண்டு கேக்குதுகள். அதயும் பொறுத்துக்கொள்ளுவன். நான் வடிகானுக்குப் பக்கத்தில விழுந்து கிடக்கக்குள்ள அவரு ஓடி வந்தாரு. கடல் வருது எண்டு நம்பித்தான் வந்தாரு. கையில கம்பியூட்டர். பிள்ளயப் போல நெஞ்சோட அணைச்சுக்கொண்டு. என்னக் கடந்து போனாரு மச்சான். பாக்கல்ல."

தம்பியிடம் அதை அப்படியே சொன்னேன்.

"நான் கல்முனைக்கு ஓடின. அவ கிளினிக்கில எண்டு நினச்சு, அவவத் தேடித்தான் ஓடின. றோட்டில விழுந்து கிடக்கிறது அவ எண்டு எனக்கு எப்படித் தெரியும்?"

"கம்பியூட்டர்?"

"கையில இரிந்ததே எனக்குத் தெரியா. நீங்க செல்லித்தான் தெரியும்."

இரண்டு பேர் சொல்வதும் உண்மை என்று நான் நம்புகிறேன். பத்திரிகையில் என்றால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டுப் போகலாம். ஒரு வீட்டுக்குள் அப்படிப் போட முடியாது. அவன் சொன்னதை அவளுக்குக் கொண்டுபோய்ச் சொன்னேன். "தேடினவரு கண்ணத் திறந்தெல்லோ தேடணும்" என்றாள்.

தம்பி பெட்டியைக் கழற்றினான். ஒலிபெருக்கியை எடுத்து யாருக்கோ கொடுத்தான். வெறும் பெட்டியைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்பினான். பார்த்ததாகக் காட்டியது, பதில் வரவில்லை. பின்னேரங்களில் விறாந்தையில் இருந்து மேசையில் தட்டிக்கொண்டிருப்பான். வேகமாக அல்ல. உள்ளங்கை அடி மட்டும், இடைவெளி விட்டு விட்டு. என் மனைவி அதைக்கூட நிறுத்தச் சொல்லவில்லை. அவனை நினைத்து அவளுக்கு அவ்வளவு பயம் வந்திருந்தது.

பெண் பிள்ளை கல்முனையில் பிறந்தது. பிறந்த பிள்ளையின் காதில் தொழுகை அழைப்பான பாங்கு சொல்வது தகப்பனின் கடமை. அதற்கு வரச் சொல்கிறாளா என்று நானே மாமாவிடம் கேட்டேன். உள்ளே போய்த் திரும்பி வந்து, "வரட்டாம்" என்றார்.

தம்பி குளித்து, வெள்ளை உடுத்து வந்தான். அவள் பிள்ளையைத் துணியோடு நீட்டினாள், அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் குனிந்து சொல்லத் தொடங்கினான். கட்டிலின் காலடியில் நின்ற எனக்குக்கூடக் கேட்காத அளவுக்கு மெதுவாகச் சொன்னான். நடுவில் இரண்டு தரம் நிறுத்தி மூச்சு எடுத்தான். முடித்ததும் பிள்ளையை இன்னும் கொஞ்சம் வைத்திருக்கப் பார்த்தான். அவள் கையை நீட்டியபடியே இருந்தாள். கொடுத்தான்.

வெளியே நடையில் தம்பி மாமாவின் கையைப் பிடித்தான். "மாமா, நான் எப்ப வர?"

"நாப்பது நாள் முடியட்டும் மனே. பாப்பம்."

படிக்கட்டால் இறங்கும்போது தம்பி என்னைக் கேட்டான். "பாப்பம் எண்டு செல்லிட்டார் தானே காக்கா? இல்ல எண்டு செல்லல்ல."

அரசாங்கக் கச்சேரி அலுவலகத்திலும் கூட்டங்களிலும் 'பாப்பம்' என்ற அந்தச் சொல்லை எத்தனையோ பேர் என்னிடம் சொல்லி, நான் எழுதியிருக்கிறேன். அதன் பிறகு எத்தனை காரியம் நடந்தது என்றும் எனக்குத் தெரியும்.

"ஓம்," என்றேன். "அப்படிச் செல்லல்ல."