மணி அடிக்காமல் சாப்பிடாதவர்

காலையில் கோயில் மணி கேட்டால் இன்றைக்கும் என் கை தானாக ஒரு நிமிடம் நின்றுவிடுகிறது. சின்ன காஞ்சிபுரத்தில் வீடு வீடாகப் போய் வயதானவர்களுக்குச் சர்க்கரை பார்த்து, ஊசி போட்டு, காலில் புண் இருக்கிறதா என்று விரல் இடுக்கு வரை பார்க்கும் நர்ஸ் நான். ஊருக்கெல்லாம் அது பூஜை மணி. எனக்கு மட்டும் அது மடப்பள்ளி சாமியின் சாப்பாட்டு மணி.

கோயில் மடப்பள்ளியில் ஆயுசு முழுக்கப் பொங்கலும் புளியோதரையும் சமைத்தவர் அவர். பெருமாளுக்குப் படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாது. உப்பைக்கூட வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்பார். நான் நம்பியதில்லை. நான் போகத் தொடங்கியபோது கண் மங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கூடத்துக்கு வருவார். ஊசி போட்டு முடித்ததும், "நீ சாப்டியோம்மா?" என்று கேட்பார். "ஆச்சு சாமி" என்பேன். எங்கே ஆச்சு? என் டப்பா மத்தியானம் வரை வண்டியிலேயே கிடக்கும். அவர் எப்போது சாப்பிடுவார் என்று கேட்டால், இதோ ஆகிவிடும் என்பார் அவர் மனைவி. நானும் அடுத்த வீட்டுக்கு ஓடிவிடுவேன்.

ஓர் உற்சவ நாளில் ஊசி போட்டுவிட்டு வெளியே வந்தால், தெருவெல்லாம் கூட்டம். பெருமாள் வீதியுலா வந்துகொண்டிருந்தார். வண்டியை நகர்த்த வழியில்லை. நின்று நின்று கால் கடுத்துப்போய், தண்ணீர் குடிக்க அவர் வீட்டுக்கே திரும்பினேன். சாமி நாற்காலியில் வியர்த்து நனைந்து, கை நடுங்க உட்கார்ந்திருந்தார். முன்னால் இட்லி தொடாமல் இருந்தது. மாமி அழுதுகொண்டே சொன்னபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. பெருமாளுக்குப் படைத்து மணி அடிக்காமல் இவர் வாயில் ஒரு பருக்கை போனதில்லையாம். மற்ற நாட்களில் நான் ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் மணி அடித்துவிடும். அன்றைக்குப் பெருமாள் கோயில் திரும்பினால்தான் மணி.

விரலில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை பயப்படும் அளவுக்கு இறங்கியிருந்தது. சர்க்கரைத் தண்ணீரை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பெருமாள் இன்னும் சாப்பிடவில்லையே என்று குழறுகிறார். எனக்கு வந்ததே கோபம்.

"சாமி, பெருமாளுக்கு யாரும் இன்சுலின் போடலை. உங்களுக்குப் போட்டிருக்குது. வாயைத் தெறங்க."

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். குடிக்கக் குடிக்க அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. உயிரைக் காப்பாற்றிய சந்தோஷம் எனக்கு வரவில்லை.

டாக்டரிடம் சொல்லி மறுநாளே நேரத்தை மாற்றினோம். மணி அடித்து, தட்டு முன்னால் வந்த பிறகுதான் ஊசி. அதற்காக என் வீடுகளின் வரிசையையே மாற்றிக்கொண்டேன். மணி தாமதமான நாட்களில் அங்கே காத்துக் கிடந்து அலுத்திருக்கிறேன். திட்டியும் இருக்கிறேன், மனசுக்குள்தான். போன மார்கழியில் சாமி போய்ச் சேர்ந்தார்.

இப்போது எனக்கும் சர்க்கரை. இன்று காலை மாத்திரையை விழுங்கிவிட்டு, இன்னும் ஒரு வீடு, இன்னும் ஒரு வீடு என்று ஓடியதில், அவர் தெருமுனையில் கால் துவண்டு கை நடுங்க ஆரம்பித்தது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். மணி அடித்தது. அங்கேயே ஒரு கடைப் படியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன்.

"ஆச்சு சாமி" என்றேன், வாய் நிறைய ஆறிப்போன உப்புமாவோடு.