திறபடாத கோப்பும் சறோஜினி அக்காவும்

செவ்வாய்க்கிழமை காலை சறோஜினி அக்காவின் கணவர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, சறோ எங்களை விட்டிட்டுப் போட்டா" என்றார். அக்கா இறந்த செய்தி எனக்கு அப்படித்தான் வந்தது.

லண்டன் டூட்டிங்கில் அகதிகளுக்கு உதவும் சிறிய அலுவலகம் ஒன்றில், தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து நானும் அக்காவும் சேர்ந்து வேலை செய்தோம். அவர் வழக்குக் கடிதங்களைப் பார்த்தார். நான் கணினியைப் பார்த்தேன். அதை வைத்து எடுப்புக் காட்டினேன் என்பதே சரி. பேர்ள் என்ற கணினி மொழியில் நான் எழுதிய சிறு நிரல், காலைதோறும் விசாரணைத் திகதிகள் உள்ள கோப்பைத் திறந்து, அன்று யாருக்கு விசாரணை என்று சொல்லும். நாங்கள் அவர்களுக்குக் கார் அனுப்புவோம்.

ஒரு வியாழக்கிழமை, "இன்று ஒருவருமில்லை" என்று திரையில் வந்தது. நான் நிம்மதியாகத் தேநீர் ஊற்றினேன்.

"எங்கட சனத்துக்கு வழக்கில்லாத நாளும் இருக்கோ? நான் நம்பமாட்டன்" என்றார் அக்கா.

"கொம்பியூட்டர் பொய் சொல்லாது அக்கா."

அவர் கடித அடுக்கைக் கிளறினார். தோர்ண்டன் ஹீத்தில் இருந்த ஒருவருக்கு அன்று பதினொரு மணிக்கு மேன்முறையீட்டு விசாரணை. போகாவிட்டால் நாட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த மனிதரோ வெளிக்கிட்டு, எங்கள் காருக்காக வாசலில் நின்றிருக்கிறார். அக்கா மினிகாப் என்ற வாடகைக் காரில் ஓடிப்போய் அவரை ஏற்றிச் சென்றார். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

பிழை என்னுடையது. முதல்நாள் கோப்பை வேறிடத்துக்கு மாற்றியவன் நான். நிரலால் அதைத் திறக்க முடியவில்லை. திறந்ததா என்று பார்க்கும்படி நான் எழுதவுமில்லை. கோப்பு வெறுமை என்று எண்ணி அது தன்பாட்டில் ஓடி முடிந்திருக்கிறது.

பின்னேரம் திரும்பி வந்தவர் ஏசுவார் என்று நினைத்தேன்.

"திறக்கேலாட்டி திறக்கேலாது எண்டு சொல்லட்டும். ஒருத்தருமில்லை எண்டு சொல்ல அதுக்கு என்ன உரிமை?" என்றார். அவ்வளவுதான்.

நிர்வாகக் குழு விசாரித்தபோது "எங்கட பிழை" என்றார். என் பெயரை வாயில் எடுக்கவில்லை. அப்படிப்பட்ட பெரிய மனம் எனக்கு வருமா தெரியாது. அந்த வியாழக்கிழமை பின்னேரமே இருவருமாக நிரலைத் திருத்தியிருந்தோம். கோப்புத் திறபடாவிட்டால் அங்கேயே நின்று, எந்தக் கோப்பு, என்ன காரணம் என்று சொல்லும். அந்த மனிதர் வழக்கில் வென்று, இன்று லண்டனில் மிச்சம் என்ற ஊரில் கடை நடத்துகிறார்.

நேற்று இறுதிக்கிரியை முடிந்து அலுவலகம் வந்து, அந்த நிரலைத் திறந்தேன். காரணத்தைச் சொல்லும் வரிக்குக் கீழே, ஆங்கில எழுத்தில் தமிழாக, அக்கா தன் கையால் தட்டிய வரி இருந்தது: "பயப்படாதேங்கோ. சறோவுக்குப் போன் அடியுங்கோ, பேப்பரில பாத்துச் சொல்லுறன்."

அந்தப் பெயரை அழித்து என் பெயரை எழுத அரை மணித்தியாலம் பிடித்தது.

போய்வாருங்கள் அக்கா. இனி எனக்குப் போன் அடிக்கட்டும்.