நெடுந்தீவில் உப்புத் தேத்தண்ணி

2003 ஓகஸ்ட், சனிக்கிழமை. காலை ஆறரைக்கு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினேன். பையில் ஒரு மாற்றுச் சேலை, ஒரு போத்தல் தண்ணீர், சுருட்டிய உலகப்படம் ஒன்று. பண்ணைப் பாலத்தடியில் இருந்த சோதனைச் சாவடியில் படத்தை விரித்துக் காட்டச் சொன்னார்கள். சிப்பாய் கொஞ்ச நேரம் கிறீன்லாந்தைப் பார்த்துவிட்டு, ஆபத்தில்லை என்று தீர்மானித்துச் சுருட்டித் தந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கிறீன்லாந்தின் ஆபத்தைச் சொல்லத்தானே நான் போய்க்கொண்டிருந்தேன்.

நான் புவியியல் ஆசிரியை. பயிற்சிக் கல்லூரியில் என்னோடு படித்த பிலோமினா நெடுந்தீவில் படிப்பிக்கிறாள். போன மாதம் யாழ்ப்பாணத்துக்கு வந்தவள், "வசந்தி, பனி உருகிற கதை ஒண்டு வகுப்பில சொல்லுவீராமே. அதை எங்கட சனத்துக்கும் ஒருக்கா வந்து சொல்லும்" என்றாள். எதற்கு என்று கேட்டேன். "எங்கட கிணத்தைக் காப்பாத்த" என்றாள்.

வேலணை தாண்டி, புங்குடுதீவின் முனையில், முப்பது கிலோமீற்றர் அளவில் குறிகட்டுவான் துறை. வழியெல்லாம் கூரை போன கல்வீடுகள். துறையில் பெயர் பதிந்து, படகில் ஒரு மணித்தியாலம். சோளகக் காற்று அடித்தது. படகுக்குள் பாதிப்பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள், மீதிப்பேர் வாயை மூடிக்கொண்டார்கள். நான் இரண்டையும் மூடிக்கொண்டேன்.

பத்து மணிக்கு இறங்கினேன். பிலோமினாவின் கணவர் சூசை சைக்கிளோடு நின்றார். கடல்தொழில் செய்பவர், வெள்ளை மனசுக்காரர். ஆனால் அன்று முகம் சரியாக இல்லை. என் பையைக் கரியரில் கட்டிக்கொண்டே, "அக்கா, நீங்கள் வந்தது சந்தோசம். ஆனா என்ர தமையன் அனுப்பின மிசினுக்கு எதிராக் கதைக்கத்தான் வந்தனீங்கள் எண்டா, எனக்குக் கவலைதான்" என்றார்.

விஷயம் இதுதான். சூசை வீட்டு வளவில் ஒரு நல்ல தண்ணிக் கிணறு. சுற்றியுள்ள வீடுகள் எல்லாம் குடிக்க அள்ளுவது அதில்தான். மழையில்லாத இந்த மாதங்களில் பெண்கள் விடிய முன்னமே தண்ணீர்க் கானோடு வந்து வரிசையில் நிற்பார்கள். இதைக் கேள்விப்பட்டு, கனடாவில் இருக்கும் தமையன் மண்ணெண்ணெயில் ஓடும் நீர் இறைக்கும் மிசின் ஒன்றுக்குக் காசு அனுப்பியிருந்தார். மிசின் வந்து விறாந்தையில் பெட்டியோடு இருந்தது. தொட்டி கட்டிக் குழாய் போட்டால் வரிசையும் இல்லை, தோள் நோவும் இல்லை. யாருக்குத்தான் கசக்கும்?

பிலோமினாவுக்குக் கசந்தது. கல்வேலிகளுக்கு நடுவே நடந்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அவள் முதலில் என்னைக் கிணற்றடிக்குத்தான் கூட்டிப்போனாள். முகம் கழுவ நானே வாளியை எடுத்தேன். கயிறு நீளம் போதாமல் கட்டையாக இருந்தது. வாளி தண்ணீரில் பாதிதான் தாழ்ந்தது. எங்கள் ஊர்ப் பழக்கத்தில், வேலியில் கிடந்த இன்னொரு கயிற்றுத் துண்டை எடுத்து முடிந்து, வாளியைத் தொபுக்கென்று ஆழத்துக்கு விட்டேன். கான் வைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் ஒரேயடியாகக் கத்தினார்கள்.

"ஐயோ அக்கா, அடியில அள்ளாதேங்கோ!"

அந்தக் கயிறு வேண்டுமென்றே கட்டையாக வெட்டியது. வாளி மேல் தண்ணீரை மட்டும் மொள்ள வேண்டும், அடியைக் கலக்கக் கூடாது. அது அங்கே எழுதாத சட்டம். நெடுந்தீவின் நிலத்துக்கு அடியில் இருப்பது கடல்நீர். மாரியில் பெய்யும் மழை அதன்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. தீவார் குடிப்பது அந்தப் படையைத்தான். மேலே அவசரமாக இழுத்தால் கீழே இருப்பது எழும்பிவிடும். இதை நான் கரும்பலகையில் எத்தனையோ தடவை படமாகக் கீறிக் காட்டியிருக்கிறேன். கீறின நானே கயிற்றை முடிந்தேன் என்றால் பழக்கம் எவ்வளவு பொல்லாதது பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஒன்பது மணி. சூசை வீட்டுப் பூவரச மரத்தடியில் அயல் வீட்டார் எல்லோரும் கூடினார்கள். முன்கதிரையில் செபமாலை அண்ணை. வயது வந்த மனிதர், மிசின் வேலை தெரிந்தவர். அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். நான் உலகப்படத்தை மரத்தில் தொங்கவிட்டு, வடக்கே கிறீன்லாந்தைத் தொட்டுக் காட்டினேன்.

பூமி சூடாகிறது, பனி உருகுகிறது என்றேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சூடானால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உருகும் என்று நினைத்திருக்கிறோம். அப்படியில்லை. எங்கோ ஓர் எல்லை இருக்கிறது. அதைத் தாண்டிவிட்டால், பிறகு நாங்கள் திருந்தினாலும் பனி திரும்பாது. கடல் ஏறும். ஏறினால் உங்கள் நல்ல தண்ணீர் இன்னும் மெலியும். அந்த எல்லை எங்கே என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது என்று சொல்லி முடித்தேன்.

செபமாலை அண்ணை தொண்டையைச் செருமினார். "பிள்ளை, கிறீன்லாந்தை நாங்கள் ஒண்டும் செய்ய ஏலாது. கிணத்துக் கதைக்கு வருவம். நாங்கள் என்ன விசரரே? மிசினைப் போடுவம். ஒவ்வொரு நாளும் ருசி பாப்பம். உப்புக் கரிச்சா அண்டைக்கே நிப்பாட்டுவம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். சூசை என்னைப் பார்த்துச் சிரித்தார். உலகத்துப் பெரிய தலைகளும் இதைத்தானே சொல்கின்றன என்று நினைத்தேன். வந்த வேலை கெட்டுப்போச்சு என்றே நம்பிவிட்டேன்.

அப்போது பிலோமினா குசினியிலிருந்து தேத்தண்ணித் தட்டத்தோடு வந்தாள். அங்கே கூட்டம் என்றால் தேத்தண்ணி உண்டு. கொடுத்த தேத்தண்ணியை மிச்சம் விடுவது வீட்டுக்காரியை அவமதிப்பது. நான் ஒரு மிடறு குடித்தேன். வாய் கோணிப்போனது. சீனியும் உப்பும் சேர்ந்த அந்த ருசியை எழுத முடியாது. நிமிர்ந்து பார்த்தால் எல்லா முகமும் அதே கோலம். ஆனாலும் மரியாதைக்காக மடக்கு மடக்கென்று குடித்தார்கள். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

செபமாலை அண்ணைதான் பாதியில் நிறுத்தினார். "பிலோமினா, மாறி உப்பைப் போட்டிட்டீர் போல கிடக்கு."

"சீனிதான் அண்ணை போட்டனான். தண்ணிதான் வேற. மடுத்தீன் வீட்டுக் கிணத்தில அள்ளினது."

மடுத்தீன் வீடு நாலு வளவு தள்ளி. அங்கே முன்பு ஒரு மிசின் இருந்தது. இப்போது அந்தக் கிணற்றில் மாடு கழுவத்தான் அள்ளுவார்கள்.

பிலோமினா தட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். "மடுத்தீன் வீட்டுக்காரரும் ஒவ்வொரு நாளும் ருசி பாத்தவைதானே அண்ணை. ஒரு நாள் பின்னேரம் நல்ல தண்ணி, அடுத்த நாள் விடியச் சவர்த்தண்ணி. கரிச்ச அண்டைக்கே நிப்பாட்டினவை. எத்தினை மாரி பெஞ்சிட்டுது? நல்ல தண்ணி திரும்பி வந்ததே?"

செபமாலை அண்ணை கோப்பையைப் பார்த்தபடியே இருந்தார்.

"அந்த மிசினைக் கழட்டினது நான்தான்" என்றார். "கரிச்ச அண்டைக்கே கழட்டினனான்."

பிறகு மிச்சத் தேத்தண்ணியையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோப்பையைத் தட்டத்தில் கவிழ்த்து வைத்தார். கூட்டம் அதோடு முடிந்தது. மிசினைக் கடைக்குத் திருப்பிக் கொடுப்பது, அந்தக் காசுக்குக் கூரைகளுக்கு மழைநீர் வழிந்தோடப் பீலியும் மாரித் தண்ணீர் சேர்க்கத் தொட்டியும் போடுவது என்று பேசிக்கொண்டார்கள். மாரி வரும்வரை பழைய வரிசைதான்.

சூசைக்கு மனம் ஆறவில்லை. "தமையன் குளிருக்குள்ள நிண்டு உழைச்ச காசு. அவனுக்கு நான் என்னெண்டு சொல்லுவன்?" என்று இரவுச் சாப்பாட்டிலும் கேட்டார்.

"போனில நீங்கள் சொல்லுங்கோ. நான் பக்கத்தில நிக்கிறன்" என்றாள் பிலோமினா. தண்ணீர் அள்ளி அவள் தோள் நோகாதா என்று நான் கேட்டேன். "நோகும்தான். நோகட்டும். தண்ணி இருந்தாத்தானே தோளைப் பற்றி யோசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு கூழைமீன் துண்டு வைத்தாள்.

திங்கட்கிழமை காலைப் படகு. மிசின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சூசையும் வந்தார். கரை பின்னால் போகப் போகத் தீவு எவ்வளவு தட்டையானது என்று தெரிந்தது. எங்கள் வீட்டுக் கிணற்றையும் அதன் மோட்டரையும் நினைத்தேன். மின்ஆளியைத் தட்டிவிட்டுக் குசினிக்குள் போய்விடுவேன், தொட்டி வழிந்த பிறகுதான் நினைவு வரும். எங்கள் கிணற்றுக்கும் அடி இருக்கிறது. போனதும் முதல் வேலை கப்பி பூட்டுவது என்று முடிவெடுத்தேன். கயிறும் கட்டையாகத்தான் வாங்குவேன்.

நடுக்கடலில் படகோட்டி பெட்டியைக் கண்டுவிட்டார். "என்ன சூசை, புது மிசின் பழுதே?"

"இல்லை அண்ணை. நல்லா இறைக்கும்."

"பிறகேன் திருப்பிக் கொண்டு போறாய்?"

சூசை என்னைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார்.

"நல்லா இறைக்கும் எண்டபடியால்தான்" என்றார்.

அலையில் படகு சரிந்தது. பெட்டி வழுக்காமல் இருக்க நான் காலால் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டேன்.