லிஸ்டில் இல்லாத கரண்டி

பானுமதி டீச்சர் மேல் வீரமலைக்கு ஆறு வருஷமாக ஒரு மனக்குறை. குறை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அவமானம் என்று சொல்லு என்பார்.

உறையூரில் ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் அவருடைய அக்கா மாரியாயி முப்பத்தோரு வருஷம் சமையல் வேலை பார்த்தாள். வேலை முடிந்த அன்று பிரிவு உபசாரம் வைத்தார்கள். மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள். தலைமையாசிரியை பானுமதி டீச்சர் மைக்கைப் பிடித்து அரைமணி நேரம் புகழ்ந்தார். பிறகு பந்தி. வீரமலை கை கழுவிவிட்டு வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்கிறார், போர்த்திய சால்வையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, சாம்பார் வாளியோடு எதிரில் நிற்கிறாள் மாரியாயி. யாருக்கு விழாவோ அவளே பரிமாறுகிறாள். டீச்சரோ நடுப்பந்தியில் உட்கார்ந்து, "மாரியாயி, கொஞ்சம் ரசம்" என்கிறார். இதைத் தன் காதால் கேட்டவர் வீரமலை. அன்றைக்குக் குடித்த பாயசம் அவருக்கு இன்னும் செரிக்கவில்லை.

அதே டீச்சர்தான் இப்போது மாரியாயியைக் கப்பலில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறார். சென்னையில் ஏறினால் விசாகப்பட்டினம், அப்புறம் புதுச்சேரி, திரும்பச் சென்னை. நாலு நாள். பெரிய ஓட்டலைத் தூக்கித் தண்ணீரில் மிதக்க விட்ட மாதிரி இருக்குமாம். டிக்கெட்டெல்லாம் டீச்சர் பொறுப்பு, மாரியாயி பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தால் போதுமாம்.

வந்தால் போதும் என்றதும்தான் வீரமலைக்குப் பொறி தட்டியது.

அவருக்கு எடமலைப்பட்டி புதூரில் கிரில் பட்டறை. படிப்பு ஏழாம் வகுப்போடு சரி. குழாய் வாங்கப் போனால் கடைக்காரன் சொல்லும் எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார். கனமான குழாய்க்கு ஒரு சத்தம், மெலிந்த குழாய்க்கு வேறு சத்தம். ஆட்களையும் அப்படித் தட்டிப் பார்த்துத்தான் ஐம்பத்து நாலு வயதுவரை ஓட்டியிருக்கிறார். சும்மா கப்பலில் ஏற்றுகிறேன் என்று ஒருவர் சொன்னால் அது எந்த ஊர்க் குழாய்?

"நாலு நாளைக்குச் சம்பளமில்லாத ஆயா வேணும். அதான் விஷயம்" என்றார் மனைவி வேணியிடம்.

"உங்களுக்கு நல்லது நடந்தாலே ஆகாது" என்றாள் வேணி.

டீச்சர் ஒரு லிஸ்ட் அனுப்பியிருந்தார். கோடு போட்ட தாளில் பச்சை மையில், தலைமையாசிரியை எழுத்து. மாடி அறையில் குடியிருந்த மாரியாயி அதைப் படித்துப் படித்துப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை சென்னைக்கு ரயில். வீரமலை மேலே ஏறிப் போய் அந்தத் தாளைக் கையில் வாங்கினார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் ஒன்றையும் விடமாட்டார்.

"ஆதார் கார்டு, அசல். அசல் எதுக்காம்?"

"கப்பல்ல ஏறும்போது காட்டணுமாம்டா."

"காட்டுறதுக்கா, வாங்கி வெச்சுக்கறதுக்கா?" அடுத்த வரிக்குப் போனார். "வழுக்காத ரப்பர் செருப்பு. பாத்தியா? தரை கழுவுறவங்களுக்குத்தான் ரப்பர் செருப்பு."

"கப்பல் தரை ஈரமா இருக்குமாம்."

"ஈரம் பண்றது யாரு? நீதான்." விரல் இறங்கியது. "நூல் புடவை நாலு, பழசா இருந்தாலும் பரவாயில்லை. அடடா, என்ன தாராளம். மூட்டுவலித் தைலம். யாரு மூட்டுக்கு?"

"எனக்கும் மூட்டு இருக்குல்ல?"

"கைப்பை ஒன்று தனியாக. பெரிய பெட்டியைக் கப்பல்காரர்கள் வாங்கிக்கொண்டு ரூமுக்கு அனுப்ப நேரமாகும். அதுவரை மாத்திரை, மாற்றுப் புடவை கைப்பையில் இருக்கட்டும்." வீரமலை தாளைத் தாழ்த்தினார். "மொதல்ல கார்டு. அப்புறம் பெட்டி. எல்லாத்தையும் வாங்கிட்டா நீ எங்க போவ? சுத்தித் தண்ணி."

மாரியாயி சிரித்தாள். அவள் சிரிப்பது அபூர்வம். அதுவும் வீரமலைக்குப் பிடிக்கவில்லை.

அதற்கடுத்த வரியில் மட்டும் அவர் நின்றார். 'பட்டுப்புடவை ஒன்று. ஒருநாள் விருந்து உண்டு.' ஆயாவுக்குப் பட்டுப்புடவை எதற்கு? கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அதற்கும் ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

"நாலு பேரு பாக்குற எடத்துல, கூட வந்தவ கந்தலா நின்னா அவங்களுக்குத்தானே கௌரவக் குறைச்சல்."

"நீ ஒரு வேலை பாரு" என்றாள் மாரியாயி. "பட்டறைக்குப் போயி எதையாவது பத்தவை."

போகிற போக்கில் அவர் பெட்டியை ஒரு தட்டு தட்டினார். பழக்கம். உள்ளேயிருந்து கணீரென்று பதில் வந்தது.

புடவை அப்படிப் பேசாது. திறந்தார். மேலே ஸ்வெட்டர், அதற்குக் கீழே புடவைகள், அவற்றுக்கும் கீழே துண்டில் சுற்றிய மூன்று லிட்டர் குக்கர். அதற்குள் இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் ஊறுகாய். ஓரமாக, பெட்டியின் நீளத்துக்குச் சரியாகப் பொருந்திப் படுத்திருந்தது கரண்டி. சத்துணவுக் கூடத்துக் கரண்டி அது. பத்து வருஷத்துக்கு முன்னால் கழுத்து முறிந்தபோது வீரமலைதான் பற்றவைத்துக் கொடுத்தார். அந்தத் தழும்பு இன்னும் இருந்தது. வேலை முடிந்த அன்று, புதுக் கரண்டி வந்துவிட்டது, இதை நீயே வைத்துக்கொள் என்று பள்ளிக்கூடத்தில் கொடுத்தனுப்பியது.

"இது லிஸ்ட்ல இல்லையே" என்றார் வீரமலை, மெதுவாக.

"எல்லாத்தையுமா லிஸ்ட்ல எழுதுவாங்க?"

"அப்ப வாயால சொன்னாங்களா?"

மாரியாயி குக்கரை மறுபடியும் துண்டில் சுற்றினாள்.

அவளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இருநூறு பிள்ளைகளுக்கு உப்பைக் கையால் அள்ளிப் போடுவாள், வாயில் வைத்துப் பார்க்க மாட்டாள், ஒரு நாளும் தப்பினதில்லை. வரிசையில் வரும் பிள்ளை தட்டை நீட்டுகிற விதத்தை வைத்தே காலையில் வீட்டில் சாப்பிட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவாள். சாப்பிடாத பிள்ளை தட்டை இரண்டு கையாலும் பிடிக்குமாம். அதற்கு ஒரு கரண்டி கூட விழும். புருஷன் லாரியில் போய்த் திரும்பாமல் போன வருஷமும் எட்டாம் நாள் அடுப்பங்கரைக்கு வந்துவிட்டாள். முப்பத்தோரு வருஷமும் அவள் சாப்பிட்டது கடைசிப் பிள்ளை தட்டைக் கழுவிய பிறகுதான். அதுவும் நின்றுகொண்டு, அடுப்பு மேடையில் தட்டை வைத்து, நாலு வாய். ஏன் உட்காரக் கூடாது என்று கேட்டால், "உக்காந்தா யாராச்சும் கூப்பிடுவாங்க, மறுபடி எந்திரிக்கணும்" என்பாள்.

வீரமலை தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வண்டியை எடுத்தார். காவிரிப் பாலத்தில் எதிர்காற்று முகத்தில் அடித்தது. என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சத்தமாகவே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் இரண்டாம் மாடியில் டீச்சர் வீடு. கதவைத் திறந்தவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். அங்கேயும் கூடத்தில் ஒரு பெட்டி திறந்து கிடந்தது. வீரமலை அதற்குள் ஒரு பார்வை விட்டார். இரண்டு பழைய புடவை, ரப்பர் செருப்பு.

"வாங்க வீரமலை. உக்காருங்க."

"நிக்கிறேன் டீச்சர். எங்க அக்காவ எதுக்குக் கூட்டிட்டுப் போறீங்க?"

டீச்சர் பதறவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். "எம் பொண்ணு வைஷ்ணவி ரெண்டு பேருக்கு டிக்கெட் போட்டா. அவளும் நானும் போறதா இருந்தது. அவளுக்கு லீவு கிடைக்கல. பேரு மாத்திக்கலாம்னாங்க. என் தங்கச்சியக் கூப்பிட்டா நாலு நாளும் நொட்டை சொல்லுவா. தனியாப் போக எனக்குப் பயம். உங்க அக்கா கூட இருந்தா பயம் இருக்காது, நொட்டையும் இருக்காது. அவ்வளவுதான்."

"தைலம் தேய்க்கவும் ஆளாச்சு."

"தேய்ப்பா. அவளுக்கு வலிச்சா நான் தேய்ப்பேன்."

"அப்ப குக்கரு? கரண்டி?"

"எந்தக் குக்கர்?"

வீரமலை தாளை எடுத்து நீட்டினார். டீச்சர் வாங்கவில்லை. "பின்பக்கம் படிச்சீங்களா?" என்றார்.

ஒன்றையும் விடாத வீரமலை தாளைத் திருப்பவில்லை. இப்போது திருப்பினார். அங்கேயும் பச்சை மை. 'கொண்டு வரக் கூடாதவை: குக்கர், கெட்டில், அயர்ன் பாக்ஸ், கத்தி, தீப்பெட்டி, கற்பூரம், சாப்பாட்டுச் சாமான் எதுவும். மாரியாயி, இது உனக்குத்தான் எழுதுகிறேன். கப்பலில் வேளாவேளைக்குச் சாப்பாடு உண்டு.' கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு.

அவர் தாளை மடித்தார். ஆனால் வந்தது அதற்கு மட்டுமில்லை. ஆறு வருஷப் பாயசம் மேலே வந்தது.

"அன்னிக்கு அவளுக்குத்தானே விழா? அவளையே பரிமாற விட்டீங்களே. ரசம் கேட்டீங்களே டீச்சர், என் காதால கேட்டேன்."

டீச்சர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "ரெண்டு தடவை கையப் பிடிச்சு எம் பக்கத்துல உக்கார வெச்சேன். மூணாவது தடவை திரும்பிப் பாத்தா வாளியோட நிக்கிறா."

"வாளியப் பிடுங்கியிருக்கணும்."

"பிடுங்கியிருக்கணும். தப்புதான்." பிறகு, திருத்திய விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கிற குரலில், "உங்க பொண்ணு கல்யாணத்துக்கு நான் வந்தேனே. மாரியாயிய நான் மேடையில பாக்கல, பந்தியில பாக்கல. எங்க இருந்தா?"

வீரமலைக்குத் தெரியும். மூன்று நாளும் மண்டபத்துச் சமையல்கட்டில் இருந்தாள். சமையல்காரன் எண்ணெயைத் திருடிவிடுவான் என்று அவரே அவளைக் காவலுக்கு உட்கார வைத்தார். உட்காரக்கூட இல்லை, நிற்க வைத்தார். அவள் எப்போது சாப்பிட்டாள் என்று அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

"அது சொந்த வீடு" என்றார்.

"அதான்" என்றார் டீச்சர். "காபி போடட்டுமா?"

"வேண்டாம்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். பாலத்தில் திரும்பி வரும்போது டீச்சர் பேசியதை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். எங்கேயும் ஓட்டைச் சத்தம் வரவில்லை. வராததே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. ஆனால் சந்தேகம் யார் மேல் என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்து, "பின்பக்கம் படிச்சியா?" என்றார் அக்காவிடம்.

"படிச்சேன்."

"அப்புறம் எதுக்கு இதெல்லாம்?"

"அவங்க சொல்லுவாங்க. போன எடத்துல சோறு வாய்க்கு வெளங்கலன்னா? டீச்சருக்குக் காரம் ஆகாது. யாராச்சும் பாக்கணும்ல?"

வீரமலை அவள் முகத்தையே பார்த்தார். யாரும் சொல்லவில்லை. அவளாகவேதான் வாளியைத் தூக்கியிருக்கிறாள். கப்பலில் ஏறுவதற்கு முன்னாலேயே தூக்கிவிட்டாள்.

"எல்லாத்தையும் எடுத்து வெளிய வை" என்றார்.

குக்கர் வெளியே வந்தது. பொடி வந்தது. புளிக்காய்ச்சலும் ஊறுகாயும் வந்தன. கரண்டி மட்டும் வரவில்லை.

"அது?"

"கரண்டின்னு அதுல போடல" என்று பெட்டியை மூடினாள்.

மறுநாள் காலை திருச்சி ஜங்ஷன். டீச்சர் ஆட்டோவில் வந்து சேர்ந்து, முன்னாலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார். வீரமலை பெட்டியை ஏற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு இறங்கி ஜன்னல் பக்கம் நின்றார். மாரியாயி புது ரப்பர் செருப்பு போட்டிருந்தாள். முழங்கை வரை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டி அவரைக் கிட்டே கூப்பிட்டாள்.

"டேய், கப்பல்ல சாப்பிட்ட தட்ட எங்க கழுவுறது? லிஸ்ட்ல பாத்தேன், போடல."

"கழுவ வேண்டாம்க்கா. அப்படியே வெச்சுட்டு எந்திரிக்கணும்."

"எச்சித் தட்டையா? அப்படியேவா?" அவள் அவரைவிடச் சந்தேகமாகப் பார்த்தாள். "யாரு எடுப்பா?"

"அதுக்கு ஆளு இருக்கும்."

"அந்த ஆளு சாப்பிட்டிருக்குமா?"

உள்ளேயிருந்து டீச்சர் குரல் வந்தது. "மாரியாயி, நேத்து உன் தம்பி எங்கிட்டச் சண்டைக்கு வந்தார். அவர் பொண்ணு கல்யாணத்துல உன்னப் பந்தியில காணோமே, எங்க இருந்தேன்னு கேட்டேன். பதில் வரல."

"டீச்சர், வாய வெச்சுக்கிட்டு சும்மா இருங்க" என்றார் வீரமலை. சொன்ன பிறகுதான் தலைமையாசிரியையிடம் சொல்கிறோம் என்பது உறைத்தது. டீச்சர் சிரித்தார்.

மாரியாயி சிரிக்கவில்லை. தம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து பெட்டியை இழுத்தாள், ஜிப்பைத் திறந்தாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகரத் தொடங்கியது. கம்பிகளுக்கு நடுவில் முதலில் கைப்பிடி வந்தது, பிறகு தழும்பு, பிறகு முழுக் கரண்டியும். வீரமலை அதைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

"சனிக்கிழமை மத்தியானம் வந்துருவோம்" என்றாள் மாரியாயி. "டீச்சரையும் கூட்டிட்டு வரேன். சோறாக்கி வை. வேணி இல்ல, நீ. நான் உக்காந்துதான் சாப்பிடுவேன்."