யூதப் பள்ளிக்கு மாமு ஆள் சேர்த்த கதை

என்னோடு ஒருமுறை வாக்குவாதம் செய்தவர்கள் மறுமுறை செய்வதில்லை. என் கணவர் கல்யாணமான முதல் மாதத்தோடு நிறுத்திக்கொண்டார். இதற்கு நான் பொறுப்பில்லை. சிறுவயதில் என்னை ஒரு யூத ரபியிடம் டியூஷனுக்கு அனுப்பிய வாப்பாதான் பொறுப்பு.

அப்போது யாங்கோன் நடுநகரில், பெயிண்ட் கடைகளும் மீன்வலைக் கடைகளும் அடைத்துக்கொண்ட ஒரு தெருவில் குடியிருந்தோம். எங்கள் பள்ளிவாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் யூதர்களின் பள்ளி, அவர்கள் கூடித் தொழுகிற இடம். ஒரு காலத்தில் அவர்கள் நிறையப் பேர் இருந்தார்களாம். சண்டைக் காலத்தில் பாதிப்பேரும், அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்டபோது மீதிப்பேரும் கப்பலேறிவிட்டார்கள். எங்கள் ஆட்களும் அப்படித்தான் போனார்கள். போகாமல் நின்றுவிட்டவர்கள் என்ற வகையில் ரபியும் வாப்பாவும் ஒரு ஜாதி. ஏன் போகவில்லை என்று யார் கேட்டாலும் இருவரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "போயிட்டா இங்க யாரு பாத்துக்கறது?" எதை என்று சொல்ல மாட்டார்கள்.

தெருவில் எல்லோருக்கும் ரபி சயாஜி. பர்மியில் பெரிய வாத்தியார். வெள்ளைத் தாடி, லுங்கி, தலையில் சின்னக் குல்லா. குல்லாவை மட்டும் பார்த்தால் எங்கள் பள்ளிவாசல் மோதினார் என்றே நினைக்கலாம். அவருடைய வாப்பாவின் மரக்கிடங்கில் வேலை பார்த்த தமிழ் ஆட்களிடம் தமிழ் கற்றதால், அவர் தமிழில் மூட்டை தூக்குகிறவர்களின் வேகம் இருக்கும். வெளியூரில் படித்து ரபியாகித் திரும்பி வந்தபோது, அவரிடம் பாடம் கேட்க யூதக் குழந்தைகள் மிச்சமில்லை. வேறொருவராக இருந்தால் கதவைச் சாத்தியிருப்பார். இவர் தெருக்குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுத்தார். ரபி என்ற சொல்லுக்கே 'என் ஆசான்' என்றுதான் பொருளாம். ஆசான் என்றால் மாணவர் வேண்டும். மாணவர் எந்த மதம் என்று அந்தச் சொல்லில் இல்லை.

முதல் நாள் சிலேட்டில் ஓர் எழுத்து எழுதி, அதன்மேல் ஒரு சொட்டுத் தேன் விட்டு, நக்கச் சொன்னார். படிப்பு இனிக்கும் என்று குழந்தைக்குத் தெரிவிக்க அவர்களிடம் அப்படி ஒரு வழக்கம். அவருடைய அம்மாதான் அவருக்கு அதைச் செய்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தவராம். எனக்குத் தேனோடு சாக்பீஸும் உள்ளே போனது. படிப்பைப் பற்றிய என் கருத்து இன்றுவரை அந்த இரண்டு ருசிகளும் கலந்ததுதான்.

பாடம் நடக்கும் விதம் இன்னும் விசேஷம். எங்களை இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்காரவைத்து, ஒரு கேள்வியைக் கொடுத்துச் சண்டை போடச் சொல்வார். ஒருத்தி ஜெயித்துவிட்டால் பாடம் முடியாது. இப்போது நீ அவள் பக்கம் பேசு என்பார். என் ஜோடி, உம்மாவின் தம்பியான மாமுவின் மகள். இருவரும் போடுகிற கூச்சல் தெருமுனை டீக்கடை வரை கேட்கும். மழைக்காலத்தில் மற்றவர்கள் வராத நாட்களில், இன்றைக்கு லீவா என்று ஆசையாகக் கேட்போம். "தொழுகைக்குத்தான் பத்து ஆள் வேணும். பாடத்துக்கு ரெண்டு போதும். உக்காரு" என்பார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ண மாட்டார். மனிதர்களை எண்ணக் கூடாதாம். பத்துச் சொற்கள் கொண்ட ஒரு வேத வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே, தலைக்கு ஒரு சொல்லாகக் கையை அசைத்துக்கொண்டு போவார். சொற்கள் தீர்ந்தால் பத்துப் பேர். எங்களுக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் எத்தனையாவது சொல்லில் நிறுத்துகிறார் என்பதை வைத்து எத்தனை பேர் மட்டம் போட்டார்கள் என்று தெரிந்துகொள்வோம்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் சயாஜி பாடத்தின் நடுவே எழுந்து எழுந்து போனார். போட்டாதாங் துறைக்குப் போய், வெளிநாட்டுக் கப்பல் வந்திருக்கிறதா, அதில் யூத மாலுமி யாராவது இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு நனைந்து திரும்புவார். நாங்கள் கேட்காமல் விடுவோமா? கேள்வி கேட்கக் கற்றுக் கொடுத்தவரே அவர்தானே. அம்மா மவுத்தான நாள் வருகிறது, வருஷத்தில் அந்த ஒரு நாள் மகன் எழுந்து நின்று சொல்ல வேண்டிய பிரார்த்தனை ஒன்று இருக்கிறது, பத்து ஆண்கள் கூடாமல் அதைச் சொல்ல முடியாது என்றார்.

"இப்ப எத்தனை பேர் சயாஜி?" என்றாள் மாமு மகள்.

"என்னோட ஏழு. போன வருஷம் பத்து. ரெண்டு பேர் மண்ணுக்குள்ள, ஒருத்தர் சிட்னியில."

அதை வீட்டில் வந்து சொன்னேன். மாமு அப்போது எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெயிண்ட் கடைக்காரர், ஊரில் எந்தக் கல்யாணத்துக்கும் மையத்து அடக்கத்துக்கும் ஆள் சேர்ப்பவர் அவர்தான்.

"பத்துத்தானா? நமக்கு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு நாப்பது பேர் வேணும். பத்தெல்லாம் ஒரு கணக்கா?" என்றார் மாமு.

"அவுக ஆளுகளா இருக்கணுமோ என்னமோ" என்றார் வாப்பா.

"அவங்களுக்கும் அல்லா ஒண்ணுதான். மூசா நபி அவங்களுக்கும் நபி, நமக்கும் நபி. இதுக்கு மேல என்ன ஆளு வேணும் மச்சான்? ஒரு உம்மாவுக்கு துவா கேக்கறதுக்குப் போய் ஆதார் பாக்கறாப்ல பேசுறீகளே."

ஆதார் என்று மாமு சொல்லியிருக்க முடியாது. அது பிற்பாடு இந்தியாவில் வந்தது. பதிவுக் கார்டு என்றுதான் சொல்லியிருப்பார். நினைவு என்பது இப்படித்தான், கூசாமல் கைச்சரக்கைச் சேர்த்துவிடுகிறது. ஆனால் வாப்பா எழுந்து காலண்டரில் அந்த நாளைத் தேடியது நிஜம்.

குறிப்பிட்ட நாள் பொழுது சாயும் நேரத்தில் ஒரு ஊர்வலம் கிளம்பியது. முன்னால் மாமு, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, அத்தர். பிறகு வாப்பா. பிறகு மாமு கடைக் கணக்கப்பிள்ளை. கடைசியாக சைக்கார் என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் முனுசாமி அண்ணன், மாமுவின் பழைய தொப்பியைப் போட்டுக்கொண்டு. அவர் மாரியம்மன் கோயில் தீமிதியில் வருஷா வருஷம் இறங்குகிறவர். மூன்று பேர் போதுமே என்றதற்கு மாமு, "யாராச்சும் பாதில டீ குடிக்கப் போனா? ஒரு ஆள் கூடவே இருக்கட்டும்" என்றார். நானும் மாமு மகளும் பின்னால் போனோம். ஏற்பாடே எங்களுடையது அல்லவா.

உள்ளே விளக்கடியில் ஏழு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒரு கிழவர் பக்கத்துக் கிழவரிடம் ஏதோ முணுமுணுத்தார்.

"சயாஜி, எண்ணிக்கங்க. பத்துக்கு மேலயே இருக்கு" என்றார் மாமு.

சயாஜி எழுந்து நின்றார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். முனுசாமி அண்ணன் முகத்தில் கொஞ்ச நேரம் நின்றது அவர் பார்வை. தொப்பி அவருக்குச் சிறியது. நான் அந்தப் பத்துச் சொற்களுக்காகக் காத்திருந்தேன். சயாஜி சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "வாங்க, உக்காருங்க. எதிரெதிரா உக்காருங்க" என்றார்.

மாமுவையும் வாப்பாவையும் ஜோடி சேர்த்தார். முனுசாமி அண்ணனுக்கு எதிரே அந்த முணுமுணுத்த கிழவரை உட்காரவைத்தார். எங்கள் இருவரையும் மேசை ஓரத்தில் அமரச் சொல்லி, ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்து, கேள்வியைப் போட்டார். வழியில் கிடக்கும் பொருளைக் கண்டெடுத்தவன் அதை எதுவரை வைத்திருக்க வேண்டும்?

முதலில் எல்லோரும் மரியாதையாக இருந்தார்கள். முனுசாமி அண்ணன்தான் ஆரம்பித்தார். "சைக்கார்ல குடைய விட்டுட்டுப் போறான். நான் அவனைத் தேடறதா, அடுத்த சவாரியப் பாக்கறதா?" தேட வேண்டும் என்றார் கிழவர். "மழையில நீ தேடு தாத்தா, நான் குடை பிடிக்கிறேன்" என்றார் அண்ணன். அதற்குப் பிறகு யார் பேசுகிறார்கள், யார் கேட்கிறார்கள் என்பதே தெரியவில்லை. வாப்பா மாமுவைப் பார்த்து விரலை நீட்டி, மாமுவின் நிக்காஹ் சமயத்தில் காணாமல் போன தன் கைக்கடிகாரத்தைப் பற்றிக் கேட்டுவிட்டார். இருவரையும் பக்கம் மாற்றிப் பேசும்படி சயாஜி சொன்னபோது, மாமு தனக்கு எதிராகத் தானே வாதாடி, ஏறக்குறைய ஜெயித்தும்விட்டார். ஏழு கிழவர்களும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

புத்தகத்தை மூடும்போது சயாஜி தன் அம்மாவின் பெயரைச் சொன்னார். "இந்தப் பாடம் அவங்களுக்கு" என்றார். மாமு இரு கைகளையும் ஏந்தி ஆமீன் என்றார். ஆமீன் அவர்களுக்கும் தெரிந்த சொல்தான், எல்லோருமாகச் சொன்னார்கள்.

மாமு சாகும்வரை, யூதர்களின் தொழுகையைத் தான் ஆள் சேர்த்து நடத்திக் கொடுத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்தடுத்த வருஷங்களிலும் அதே நாளில் ஆள் சேர்த்துக்கொண்டு போனார். சயாஜி ஒவ்வொரு வருஷமும் புத்தகத்தைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். அந்தப் பத்துப் பேரும் யூதர்களாகவே இருக்க வேண்டும் என்பதை நான் ஒரு புத்தகத்தில் படித்தபோது எனக்கு நாற்பது வயது. வாசல் வரை வந்த எங்களிடம் அதை ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை அம்மாவுக்காகச் சொல்ல வேண்டியதை அவர் அன்று சொல்லவும் இல்லை.

அன்று வெளியே வரும்போது நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"சயாஜி, நீங்க எண்ணவே இல்லையே. மறந்துட்டீங்களா?"

"பாடத்துக்கு யாராவது எண்ணுவாங்களா?" என்றார்.

பாவம், வயசாகிவிட்டது, தொழுகையையும் பாடத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார் என்று நினைத்தேன். மாமு மகளிடமும் இதைச் சொல்லி, வெளியே யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.