பூனைக்கு முடி வாரிய சனிக்கிழமைகள்

நாங்கள் விவாகரத்தாகிப் பிரிந்தபோது பூனை என்னோடு தங்கிவிட்டது. குட்டியிலிருந்து அதை வளர்த்தவர் என் கணவர்தான். ஆனால் சிங்கப்பூரின் மேற்கே, புக்கிட் பாத்தோக்கில் அவர் எடுத்த வாடகை அறையில் பூனை கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம். பெரிய சண்டை எதுவும் போட்டு நாங்கள் பிரியவில்லை. பேச்சு குறைந்துகொண்டே வந்து ஒருநாள் நின்றுபோனது, அவ்வளவுதான். பொங்கோல் வீட்டில் நானும் பதினான்கு வயதுக் கறுப்புப் பூனையும் மிஞ்சினோம்.

ஆறு மாதத்தில் அதன் முதுகில், வாலுக்குப் பக்கத்தில், வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர ஆரம்பித்தது. எழுந்து போன இடத்தில் மாவு சிந்தியதுபோல் கிடக்கும். தேக்காவில் வேலை முடிந்து வரும்போது தேங்காய் எண்ணெய் வாங்கிவந்து அழுந்தத் தேய்த்துவிட்டேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். எட்டிய இடத்தையெல்லாம் அது நக்கியது. மறுநாள் வயிற்றுப்போக்கு. பயந்துபோய் அவருக்குப் போன் செய்தேன்.

“எண்ணெயா தேச்ச? அது நக்கும்னு தெரியாதா?” என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “சரி லா, விடு. நான் வர்றேன். கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போலாம்” என்றார்.

டாக்டர் இடுப்பை மெதுவாக அழுத்தியதும் பூனை முனகியது. மூட்டுவலியாம். உடம்பைத் திருப்பி முதுகை நக்கிக்கொள்ள முடியாததால்தான் தோல் காய்ந்து உதிர்கிறதாம். வலிக்கு மருந்து கொடுத்தார். ஈர உணவு, நிறையத் தண்ணீர், வாரம் ஒருமுறையாவது மெல்லிய சீப்பால் வாரிவிட வேண்டும், எண்ணெய் கூடவே கூடாது. இத்தனை மாதமும் அதற்கு வலித்திருக்கிறது. ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தும் எனக்குத் தெரியவில்லை.

நான் வாரப் போனால் கடிக்க வந்தது. அவர் மடியில் மட்டும் அடங்கிக் கிடந்தது. அதனால் சனிக்கிழமைதோறும் வரத் தொடங்கினார். “அழுத்தாத. முடி போற பக்கமே போ” என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தார். மருந்து குடித்ததா, தண்ணீர் குடித்ததா என்பதைத் தவிர வேறு எதுவும் பேசமாட்டோம். ஆனாலும் சனிக்கிழமையானால் நான் மீன் குழம்பு வைத்தேன். அவர் வரும் நேரத்துக்குக் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். ஏனென்று என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு மாதத்தில் முடி பளபளத்தது. நான் வாரினாலும் பூனை பேசாமல் இருந்தது. அன்று அவர் அதன் முதுகைத் தடவி, உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

“பாரு, ஒண்ணுமே உதிரல. இனிமே நீயே பாத்துக்குவ.”

“அடுத்த சனிக்கிழமை வரமாட்டீங்களா?”

பூனையை மடியிலிருந்து இறக்கிவிட்டார். “நான் திரும்பக் கல்யாணம் பண்ணிக்கப் போறேன். மூணு வாரமா சொல்லணும்னு நெனச்சுக்கிட்டுத்தான் வர்றேன். உன் மொகத்தப் பாத்தா வாய் வரல.”

“நல்லதுதானே,” என்றேன். “சாப்பிட்டுட்டுப் போங்க.”

சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் போன பிறகு தட்டைக் கழுவாமல் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பூனை அதற்குப் பிறகு பதினோரு மாதம் இருந்தது. கடைசிவரை அதன் தோலில் ஒரு செதில் இல்லை. அது செத்த அன்று காலை அவருக்குச் செய்தி அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். இரண்டு பேரும் அழுதோம். அவருக்குப் பின்னால் ஒரு பெண் குரல், “என்னங்க ஆச்சு, ஏன் அழறீங்க?” என்று கேட்டது. நான்தான் முதலில் போனை வைத்தேன்.