மேட்டு டீக்கடையில் ஒரு ஸ்கேன்

எங்கள் அப்பாவின் டிராக்டரில் சாமி பாட்டு மட்டும்தான் ஓடும் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. நானும் நம்பினேன். உழவுக்குக் கூப்பிடுகிற வீடுகளில் அப்பாவுக்குக் கொஞ்சம் கூடுதலாக மரியாதை கிடைத்ததென்றால் அதில் அந்தப் பாட்டுக்கும் பங்கு உண்டு. காலையில் வண்டியைக் கிளப்பும்போது முருகனில் தொடங்கும். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் மாரியம்மனுக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு, வத்தல்மலை அடிவாரத்துக் காடுகளில் ஆளரவம் இல்லாத இடத்தில் என்ன ஓடியது என்று யாரும் விசாரித்ததில்லை.

பாட்டெல்லாம் ஒரு நீல நிறப் பென்டிரைவில் இருந்தன. அந்தப் பென்டிரைவோ அத்தையுடையது. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. ப்ளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் ஒன்று அவளிடம் இருந்தது. பெயருக்குத்தான் அவளுடையது. நானும் தம்பியும் அதில் கார் ஓட்டி விளையாடுவோம், அம்மா சீரியல் பார்ப்பாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் கல்யாண வீடியோவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். தன் பொருள் எதுவும் அதில் தங்காது என்று தெரிந்துதான் அத்தை அந்தப் பென்டிரைவை வாங்கினாள். பாதி இடம் சும்மாதானே கிடக்கிறது என்று அப்பா அதிலும் குடியேறிவிட்டார்.

அத்தை அதில் வைத்திருந்தவை படங்கள். என்னுடைய பரீட்சை அட்டையைக் கட்டிலில் போட்டு, அதன்மேல் மவுஸை நகர்த்தி நகர்த்தி, லேப்டாப்போடு வந்த சாதாரணப் படம் வரையும் புரோகிராமில் வரைந்தவை. தொப்பூர் கணவாயில் கவிழ்ந்து கிடந்த புளி லாரி, கடத்தூர் சந்தையில் தக்காளிக் கூடைக்கு முட்டுக் கொடுத்தபடி தூங்கும் ஆள், முன்பல் விழுந்த வாயோடு நான். மவுஸில் ஒரு கோடு நேராக வருவதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும். அவள் மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்தாள்.

பெங்களூரில் ஒரு பயிற்சி நிலையம் இருப்பதாகவும், கம்ப்யூட்டரிலேயே வரைந்த படங்களைச் சிடியில் போட்டு அனுப்பினால், பிடித்திருந்தால் தங்க இடமும் கொடுத்துச் சொல்லித்தருவார்கள் என்றும் பள்ளிக்கூடத்து டீச்சர் அவளிடம் சொல்லியிருந்தார். அப்பா "பாக்கலாம்" என்றார். அதே சமயம் வீட்டில் இன்னொரு பேச்சும் நடந்துகொண்டிருந்தது. என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, அத்தையைக் கொடுப்பது என்பது அந்தப் பேச்சு. அம்மா பிறந்த வீட்டுக்கு இங்கிருந்து ஒரு பெண் போனால் கணக்கு நேராகும் என்று பெரியவர்கள் நினைத்தார்கள். இரண்டில் ஒன்றுதான் நடக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. படித்துவிட்டு வந்து கட்டிக்கொள்கிறேன் என்று அத்தை சொன்னதற்கு, பெங்களூருக்குப் போன பெண் எங்கே திரும்பி வரப்போகிறாள் என்று அம்மா அடுப்படியில் முணுமுணுத்தாள்.

சிடி போடுவதற்காக அத்தை கடத்தூர் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள். பென்டிரைவைச் செருகியதும் அந்தக் கடைக் கம்ப்யூட்டர் கத்தத் தொடங்கிவிட்டதாம். கடைக்காரர் அதைப் பிடுங்கி, நுனியில் பிடித்து, அவள் கையில் திருப்பிக் கொடுத்திருக்கிறார். கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்களாம். உள்ளே இருந்த ஃபோல்டர் ஒவ்வொன்றின் மூலையிலும் சின்னதாக ஓர் அம்புக்குறி முளைத்திருந்தது. எங்கள் லேப்டாப்பில் அதை அழுத்தினால் படம் திறந்தது. ஆனால் வேறு இடத்துக்கு எடுத்துப் போட்டால் அம்பு மட்டும்தான் போனது, படம் போகவில்லை. அப்பா பாட்டு ஏற்றிக்கொண்டு வந்த ரீசார்ஜ் கடையிலிருந்து வந்த சீதனம் அது. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. சாமி பாட்டில் எப்படி வைரஸ் வரும் என்று கேட்டார்.

மாமாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் சேலத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை செய்தார். எங்கள் சொந்தத்தில் கம்ப்யூட்டரின் முதுகைத் திறந்து பார்த்த ஒரே ஆள் அவர்தான். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். வரும்போதெல்லாம் ஏதாவது வாங்கி வருவார், என்னைப் பெரியவள்போல் மதித்துப் பேசுவார். வந்தவர் பென்டிரைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, புதிதாக ஒரு ஸ்கேனர் வந்திருப்பதாக அப்பாவிடம் சொன்னார்.

"போலீஸ் ஸ்டேசன்ல திருடனுங்க போட்டோ ஒட்டி வெச்சிருப்பாங்க இல்லீங்களா மச்சான், பழைய ஸ்கேனரு அந்த மாதிரி. போட்டோவுல இருக்கறவனத்தான் புடிக்கும். இது மேல கிளவுடுக்குப் போயி ஒவ்வொன்னா கேட்டுக்கேட்டுப் புடிக்குமுங்க. நேத்து வந்த வைரஸா இருந்தாலும் தப்பாது."

மேலே கேட்பதற்கு நெட் வேண்டும். எங்கள் ஊரில் அப்போது போன் பேசவே கூரைமேல் ஏற வேண்டும். டேட்டா கார்டுக்குச் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் கடத்தூர் ரோட்டில் மேட்டின் மேல் இருந்த டீக்கடை. வயசுப் பெண் டீக்கடையில் போய் நிற்பதாவது. அதை யாரும் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை. அத்தை பென்டிரைவை ஒரு கைக்குட்டையில் சுற்றி மாமாவிடம் கொடுத்தாள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "படம் பூரா திரும்பி வருதான்னு பக்கத்துலயே நின்னு பாத்துட்டு வா கண்ணு" என்றாள்.

டீக்கடைப் பெஞ்சில் லேப்டாப்பை வைத்து, கடைக்குள்ளிருந்து ஒயர் இழுத்து, டேட்டா கார்டைச் செருகி மாமா ஸ்கேனை ஆரம்பித்தார். திருவிழாவில் வேடிக்கை காட்டுபவனைச் சுற்றிக் கூடுவதுபோல ஆட்கள் கூடிவிட்டார்கள். டீ மாஸ்டர், இரண்டு லாரி டிரைவர்கள், சந்தைக்குப் போகிற பெண்கள், எங்கள் ஊர்க்காரர்கள் சிலர். அப்பா நடுவில் பெருமையாக நின்றார்.

நெட் வேகமாக இருந்திருந்தால் அன்று எதுவும் நடந்திருக்காது. ஃபைல்களின் பெயர்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடியிருக்கும். எங்கள் மேட்டுச் சிக்னலோ ஒவ்வொரு பெயரையும் திரையில் நிறுத்தி வைத்து, மேலே கேட்டுவிட்டு, யோசித்து, அப்புறம்தான் அடுத்ததற்குப் போனது. முதலில் முருகன் வந்தார். அம்மன் வந்தாள். அப்பா சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். அதற்கடுத்து வந்த பெயரை டீ மாஸ்டர் எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார்.

"ரெக்கார்டு டான்சு. கெடாவெட்டு நைட்டு. பாகம் மூணு."

திரை அதிலேயே நின்றது. கிளவுடில் இருந்தவர்களுக்கும் அதைப் பார்க்க ஆசை வந்துவிட்டதோ என்னவோ, நகரவே இல்லை. லாரி டிரைவர் ஒருவர் மிகவும் மரியாதையாக, "பாகம் நாலும் இருக்குதுங்களா?" என்று கேட்டார். இருந்தது. பாகம் நாலு வந்தபோது சந்தைக்குப் போகிற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்பா யாரையும் பார்க்காமல் கடைக்குப் பின்பக்கம் போய்விட்டார். எனக்குப் பூமிக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. கூட்டத்தில் இருந்த எல்லாருக்கும் நான் அவர் மகள் என்று தெரியும். நான் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன், கண்ணில் நீர் முட்டியதை யாரும் பார்க்கக் கூடாதென்று.

சிரித்து முடித்து ஆட்கள் கலைந்துபோனார்கள். அதன் பிறகுதான் அத்தையின் படங்கள் வந்தன. புளி லாரி வந்தது. தக்காளி ஆள் வந்தான். 'பல்லு' என்று ஆங்கில எழுத்தில் என் படத்தின் பெயர் வந்து நின்றது. அதைப் படித்து மாமாவிடம் இது நான்தான் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். எதற்கும் சிவப்பு அடையாளம் விழவில்லை. அம்புக்குறிகளுக்கும், பின்னால் ஒளிந்திருந்த கிறுக்குப் பெயர் கொண்ட ஒன்றுக்கும்தான் விழுந்தது. மாமா ஒரு பட்டனைத் தட்டினார். பச்சை டிக் வந்தது. எல்லாம் சுத்தம்.

பென்டிரைவைத் திறந்தார். உள்ளே வெள்ளையாக இருந்தது. அம்பும் இல்லை, படமும் இல்லை, பாகம் மூணும் இல்லை. மாமா கொஞ்ச நேரம் அந்த வெள்ளையையே பார்த்தார். பிறகு மூடினார். மூடியபோது திரையில் பென்டிரைவைக் காட்டும் சின்னத்துக்குக் கீழே இருக்கிற கோடு என் கண்ணில் பட்டது. இடம் இருந்தால் அது நீலமாக இருக்கும், நிறைந்துவிட்டால் சிவப்பாகிவிடும் என்று அத்தை எனக்குச் சொல்லித்தந்திருந்தாள். அப்பாவின் பாட்டால் அது சிவப்பாகி, அண்ணனும் தங்கையும் சண்டை போட்டதும் எனக்குத் தெரியும்.

"மாமா, உள்ள ஒன்னுமே இல்லன்னா இந்தக் கோடு ஏன் செவப்பா ரொம்பிக் கெடக்குது?"

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். கடைக்குப் பின்பக்கம் பார்த்தார். அப்புறம் என் தலையைத் தடவி, எனக்குக் கண் ரொம்பக் கூர்மை என்று சொல்லி, ஒரு பாட்டில் பாதாம்பால் வாங்கிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் பாதாம்பால் என்றால் தம்பியும் நானும் ஆளுக்குப் பாதி. அன்று முழுப் பாட்டிலும் எனக்கே. நான் குடித்துக்கொண்டிருக்கும்போது அப்பா வந்தார். "வைரஸ் தின்னுட்டுதுங்க மச்சான், சுத்தம் பண்ணதுல ஒன்னும் மிஞ்சலீங்க" என்று மாமா அவரிடம் சொல்வது கேட்டது.

வீட்டு வாசலிலேயே அத்தை என்னைப் பிடித்துக்கொண்டாள். பார்த்ததைச் சொன்னேன். படமெல்லாம் வரிசையாக வந்ததையும், பிறகு காலியானதையும், ஆனால் கோடு மட்டும் சிவப்பாக நிறைந்தே இருந்ததையும் சொன்னேன். அத்தையின் முகம் மாறியது. நேராக அப்பாவிடம் போய், கடத்தூரிலோ தர்மபுரியிலோ வேறு யாரிடமாவது ஒருமுறை காட்டலாம் என்று கேட்டாள்.

"இன்னொருத்தன் கடையில வெச்சு அதத் தொறக்கற வேலையே வேணாம்" என்றார் அப்பா.

அத்தை மாமாவைப் பார்த்தாள். கம்ப்யூட்டர் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் லேப்டாப்பின் ஒயரை மெதுவாகச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஊரில் அப்பாவுக்குப் பாகம் நாலு என்று பெயர் வந்தது. டிராக்டரில் பாட்டே ஓடவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்ததும் பையன்கள் கட்டைவிரலை மடக்கி நாலு என்று காட்டுவார்கள். அப்பாவோடு கடைக்குப் போகவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் முன்னால் நடந்தால் நான் தள்ளி நடப்பேன். எல்லாவற்றுக்கும் அந்தப் பென்டிரைவும் அத்தையின் படமும்தான் காரணம் என்று அத்தைமேல் கோபம்கூட வந்தது. அத்தை மறுபடியும் புளி லாரியை வரைய உட்கார்ந்தாள். பழையது மாதிரி வரவில்லை என்றாள். சிடி அனுப்ப வேண்டிய நாள் வந்தது, போனது. தை பிறந்ததும் கல்யாணம் முடிவாயிற்று.

இப்போது நான் பெங்களூரில்தான் வேலை செய்கிறேன். வேலையும் அதுதான். ஸ்கேன் பண்ணியதும் எல்லாம் காணாமல் போய்விட்டது என்று பதறிக்கொண்டு கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்வது. அந்த மாதிரி வைரஸ் எதையும் தின்னாது. ஃபோல்டர்களை மறைத்து வைத்துவிட்டு, அவற்றின் வாசலில் தன் ஆளை நிறுத்திவிடும். மேலே கேட்டு வேலை செய்கிற ஸ்கேனர்கள் அந்த ஆளைச் சரியாகக் கண்டுபிடித்து விரட்டிவிடும். மறைத்ததை வெளியே எடுத்து வைப்பது பல ஸ்கேனர்களின் வேலை இல்லை. அதை நாம்தான் செய்ய வேண்டும். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது. சேலத்து ரிப்பேர் கடையில் இருப்பவர்களுக்குத் தினமும் வருகிற கேஸ். இதை யாருக்காவது போனில் சொல்லிக்கொடுத்து, அவர்கள் சந்தோஷத்தில் நன்றி சொல்லும்போதெல்லாம் எனக்கு அவமானமாக இருக்கும். வாயில் பாதாம்பாலின் இனிப்பு வரும்.

மாமா நல்லவர். அதுதான் கஷ்டம். என்னைப் பெங்களூருக்கு அனுப்பலாமா என்று அப்பா தயங்கியபோது, அனுப்பியே ஆக வேண்டும் என்று சண்டை போட்டவர் அவர்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டல் வரை வந்தவரும் அவர்தான். அன்று திரும்பிப் போகும்போது ஏனோ என் முகத்தைப் பார்க்காமலே போனார்.

கல்யாணத்துக்கு மறுநாள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அத்தை மாமாவைக் கட்டிக்கொண்டதால் நான் கூப்பிடுகிற முறைகூட மாறவில்லை. அவள் அத்தையாகவே இருந்தாள். மாமா வீட்டில் அவளிடம் பீரோ சாவியைக் கொடுத்திருந்தார்கள். அவள் அந்த வளையத்தில் எதையோ கோத்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். அந்த நீலப் பென்டிரைவ்.

"அது காலிதான அத்தை, எதுக்கு மாட்டற?" என்று கேட்டேன்.

"காலின்னு யாரு சொன்னா? ரொம்பி இருக்குதுன்னு நீதான கண்ணு சொன்ன" என்றாள்.

சொன்னது என்னிடம்தான். பார்த்தது வாசல்படியில் உட்கார்ந்திருந்த மாமாவை. கோபமில்லை, அழுகையில்லை, சும்மா பார்த்தாள். மாமா தலையைக் குனிந்துகொண்டு, கையில் கட்டியிருந்த கங்கணக் கயிற்றை நிமிண்டத் தொடங்கினார். காதுவரை சிவந்திருந்தது. புது மாப்பிள்ளைக்குக் கூச்சம் வந்துவிட்டது என்று நான் கை தட்டிச் சிரித்தேன். ஏன் யாருமே என்னோடு சேர்ந்து சிரிக்கவில்லை என்று மட்டும் எனக்குப் புரியவில்லை.